அடி தாங்கும் தசை

முட்டம் கடற்கரையில் ஏலம் முடிந்து மீன் கைமாறியதும், தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் பெண்கள் சருவத்தை நிரப்புகிறார்கள். சாளை, நெத்திலி, அயிலை என்று அன்றைக்குக் கிடைத்தது. மேலே கொஞ்சம் ஐஸ். தலையில் சும்மாடு வைத்தாயிற்று, இனித் தூக்க வேண்டும். கூட நிற்கும் ஒருத்தி ஒரு பக்க விளிம்பைப் பிடிக்க, சுமப்பவள் மறுபக்கத்தைப் பிடித்து, மூச்சை இழுத்து உள்ளே அடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முதலில் இடுப்புயரத்துக்கும் அங்கிருந்து ஒரே வீச்சில் தலைக்கும் ஏற்றுகிறாள். இரண்டு மூன்று நொடி வேலை. தலையில் அமர்ந்துவிட்ட சுமையோடு நடப்பதைவிட உடம்பின் உள்ளே பெரிய சோதனை இந்த இரண்டு மூன்று நொடிதான்.

மூச்சை அடக்கித் தூக்கும்போது வயிற்றறைக்குள் அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அந்த அறைக்கு மேலே உதரவிதானம், சுற்றிலும் வயிற்றுத் தசைகளும் முதுகும். கீழே எலும்பு இல்லை, தசைதான் உண்டு. முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், இரு பக்கமும் இடுப்பெலும்பின் உட்சுவர் வரைக்கும் பரந்து கிடக்கும் இந்தத் தசைகளுக்கு இடுப்புத் தளத் தசைகள் என்று பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இவற்றின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்த் தாரை, பிறப்புறுப்பு, மலவாய் மூன்றும் இவற்றினூடே வெளியே வருகின்றன. திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடி, மேலேயிருந்து வரும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது இவற்றின் வேலை.

இந்தத் தசைகள் தளர்ந்துவிட்டால், சருவம் தூக்கும் அந்த நொடியில் இரண்டு சொட்டுச் சிறுநீர் கசியும். இருமினால் கசியும், தும்மினால் கசியும், பேருந்தைப் பிடிக்க ஓடினால் கசியும். தளர்ச்சி கூடினால் மாலையில் அடிவயிறு கனக்கும், கீழே எதுவோ உருண்டையாகத் தட்டுப்படும். ‘அடி இறங்கிவிட்டது’, ‘அடி தள்ளுகிறது’ என்று பெண்கள் தங்களுக்குள் மட்டும், அதுவும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வது இதைத்தான். அம்மாவிடமோ மாமியாரிடமோ துணிந்து சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “பெத்தவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான் மக்ளே.” பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு இது வருகிறது என்பது உண்மை. ஆனால், வந்தால் வந்ததுதான், செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நினைப்பு உண்மையில்லை. கைத் தசையையும் கால் தசையையும் பயிற்சியால் மீட்டெடுக்க முடியும் என்றால் இதையும் முடியும். இதுவும் நம் விருப்பத்துக்கு இயங்கும் தசைதான். மருத்துவ உலகம் இதை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அறிந்திருக்கிறது. நம் கடற்கரைப் பெண்களின் காதில்தான் இன்னும் விழவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இந்தத் தசைகளை ஆராய்ந்துவரும் மகப்பேறு மருத்துவர் ஜான் டிலான்சி, கருப்பை எப்படி இடத்தில் நிற்கிறது என்று விளக்கத் துறையில் கட்டிய படகைக் காட்டுவார். படகைத் தாங்குவது தண்ணீர். கயிறு அதை அங்கே இங்கே போகாமல் நிறுத்த மட்டுமே செய்கிறது. தண்ணீர் வடிந்துவிட்டால் படகின் முழுப் பாரமும் கயிற்றில் தொங்கும். எவ்வளவு நல்ல கயிறானாலும் நாளடைவில் இழை விட்டுத் தொய்ந்து அறும். கருப்பையைப் பிடித்திருக்கும் தசைநார்கள்தான் கயிறு. அடியில் உள்ள தசை, தண்ணீர். முட்டத்துக்காரர்களுக்கு இதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கயிறு அறுந்த பிறகு அதைத் தைத்துச் சரிசெய்வது அறுவைச் சிகிச்சை. தண்ணீர் வற்றாமல் பார்ப்பதும், வற்றிய அளவுக்குத் திரும்ப நிரப்புவதும் இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி.

தசை ஏன் தளர்கிறது? முதல் காரணம் பிரசவம். டிலான்சியின் குழு 2004-இல் கணினியில் ஒரு பிரசவத்தை வடிவமைத்துக் கணக்கிட்டது. குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது என்று தெரிந்தது. உடம்பின் வேறெந்தத் தசையையும் இப்படி இழுத்தால் கிழிந்துபோகும். கர்ப்ப காலத்தில் திசுக்கள் நெகிழ்வதால்தான் பெரும்பாலான பெண்களுக்கு இது தாங்குகிறது. சிலருக்குத் தசை எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த பிரசவங்களில் இது கூடுதல். தசைக்கு வரும் நரம்பும் நசுங்கி, மீள மாதங்கள் ஆகலாம். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்கள் மெலிவதும், தீராத இருமலும், மலச்சிக்கலில் நாள்தோறும் முக்குவதும், உடல் பருமனும் பிறகு சேர்ந்துகொள்கின்றன.

பாரம் தூக்குவதும் உண்டு. டென்மார்க்கில் 28,000-க்கும் மேற்பட்ட உதவிச் செவிலியர்களைப் பற்றி 1994-இல் வெளிவந்த ஆய்வு, நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் வேலை செய்யும் இவர்களுக்கு அடி இறக்கத்துக்கான அறுவைச் சிகிச்சை மற்ற பெண்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நடந்திருப்பதாகக் கண்டது. நோயாளியைத் தூக்குவதும் மீன் சருவம் தூக்குவதும் ஒன்றல்லதான். ஆனால் பிரசவம் முடிந்து தசையும் நரம்பும் ஆறுமுன்பே சுமை தூக்கப் போகும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று ஊகிக்க இது போதும். வீட்டில் வருமானம் அவள் தலையில் இருக்கும்போது, ‘நாற்பது நாள் ஓய்வெடு, மூன்று மாதம் பாரம் தூக்காதே’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது மருத்துவமாகாது. எப்படித் தூக்கினால் கேடு குறையும் என்றும் சொல்லித்தர வேண்டும்.

பயிற்சியின் வரலாற்றில் ஒரு பெயர் எல்லோருக்கும் தெரியும். கலிபோர்னியாவில் இருந்த ஆர்னால்ட் கெகல் என்ற மகப்பேறு மருத்துவர் 1948-இல் எழுதிய கட்டுரையால்தான் ‘கெகல் பயிற்சி’ என்ற பெயரே வந்தது. லண்டனில் நடனக் கலைஞராக இருந்து இயன்முறை மருத்துவம் பயின்ற மார்கரெட் மோரிஸ் 1936-லேயே இந்தத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி பற்றி எழுதிவிட்டார். அதை இன்று யாரும் சொல்வதில்லை. கெகல் செய்த பெரிய காரியம் வேறு. ரப்பரால் ஆன சிறு காற்றுக்குழலைப் பிறப்புறுப்பில் பொருத்தி, அதை ஓர் அழுத்தமானியோடு இணைத்தார். பெண் தசையை இறுக்கினால் முள் ஏறும், தளர்த்தினால் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத தசை செய்வதை அந்தப் பெண்ணே கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டாள். ஆரம்பத்தில் செவிலியரோ மருத்துவரோ கூட இருந்து திருத்தினார்கள். பிறகு என்ன நடந்தது என்றால், அந்தக் கருவியும் கூட இருந்து திருத்துகிற ஆளும் போய், துண்டுப் பிரசுரம் மட்டும் எஞ்சியது. ‘கீழே இறுக்குங்கள், விடுங்கள், ஒரு நாளைக்கு இத்தனை முறை’ என்று பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு வரி சொல்லிவிடுவதோடு சரி. பலனில்லை என்றதும் பழி பயிற்சியின் மேல் விழுந்தது.

1991-இல் ரிச்சர்ட் பம்ப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் 47 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். வாயால் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று கருவியால் அளந்தார்கள். சரியாக இறுக்கியவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர். கால்வாசிப் பேர் நேர் எதிரானதைச் செய்தார்கள். மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். ஏற்கெனவே கசிவு உள்ள ஒருத்தி இப்படி மாதக்கணக்கில் முக்கிக்கொண்டிருந்தால் கசிவு கூடத்தான் செய்யும். இணையத்தில் பார்த்து, செய்து, பலனில்லை என்று விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் இந்தக் கால்வாசிக்குள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் அறையில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிக் கூச்சம். முதலில் பேச்சு. எத்தனை பிரசவம், எப்படிப் பிரசவம், எப்போது கசிகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள், மலச்சிக்கல் உண்டா. சிறுநீர் போகும் நேரத்தையும் கசியும் நேரத்தையும் மூன்று நாள் குறித்துவரச் சொல்வார். பிறகு, உங்கள் சம்மதத்தோடு மட்டும், மறைவான அறையில் பரிசோதனை. முழங்காலை மடித்து மல்லாந்து படுக்கச் சொல்லி, கையுறை போட்ட ஒரு விரலால் தசையின் பலத்தைப் பார்ப்பார். துளி அசைவும் இல்லை என்றால் 0, விரலை நன்றாகக் கவ்வி மேலே இழுத்தால் 5. எத்தனை நொடி பிடித்திருக்க முடிகிறது, எத்தனை முறை திரும்பச் செய்ய முடிகிறது, இறுக்கிய பிறகு முழுவதும் தளர்கிறதா என்பதெல்லாம் குறிப்பில் ஏறும். விரல் பரிசோதனை வேண்டாம் என்றால் வெளியிலிருந்து பார்த்தோ ஸ்கேன் மூலமோ ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

அப்புறம்தான் பாடம். நாலு பேர் நடுவில் இருக்கும்போது காற்றுப் பிரியாமல் அடக்குவது போலப் பின்பக்கத்தை இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை அப்படியே முன்னால், சிறுநீர்த் தாரை வரைக்கும் கொண்டுவாருங்கள். உள்ளே மேல்நோக்கித் தூக்குங்கள். பிட்டம் இறுகக் கூடாது, தொடைகள் சேரக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. உரக்க எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சை அடக்க முடியாது. ஆறு முதல் எட்டு நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர விட்டு, மறுபடியும். இப்படி எட்டு முதல் பன்னிரண்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கூடவே சட்சட்டென்று வேகமாக இறுக்கி விடுவது பத்து முறை. இந்தத் தசையில் மெதுவாக இயங்கி நெடுநேரம் தாங்கும் இழைகளும் உண்டு, தும்மலுக்குச் சட்டென்று விழிக்கும் இழைகளும் உண்டு. இரண்டுக்கும் வேலை கொடுத்தால்தான் முழுப்பலன். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யச் சொல்லும் பழைய அறிவுரையை விட்டுவிட வேண்டும். அது சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாவதைக் கெடுக்கும்.

பலன் ஒரு வாரத்தில் தெரியாது. முதல் சில வாரங்களில் மூளைக்கும் தசைக்கும் உள்ள தொடர்புதான் சீராகிறது. தசை உண்மையில் பருக்க மூன்று மாதம் ஆகும். அதனால்தான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி, கசிவுக்கு அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசும் முன் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையோடு பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. நார்வேயின் காரி பூ என்ற இயன்முறை மருத்துவர் 1999-இல் 107 பெண்களை நான்காகப் பிரித்து ஆறு மாதம் சோதித்தார். ஒரு பிரிவுக்குத் தசைப்பயிற்சி, ஒன்றுக்கு மின்தூண்டல், ஒன்றுக்கு உள்ளே வைத்துக்கொள்ளும் எடைக்கூம்புகள், ஒன்றுக்கு எதுவுமில்லை. வென்றது பயிற்சி. காசு கொடுத்து வாங்கும் கருவிகளின் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பல நாடுகளின் 31 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை, இருமினால் தும்மினால் கசிகிற பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள் என்கிறது. பயிற்சி செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 விழுக்காடு. மாத்திரை இல்லை, கத்தி இல்லை, பக்கவிளைவு என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை.

மீன் சுமக்கும் பெண்ணுக்கு உடனே உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆரோக்கியமான உடலில், இருமல் வருவதற்குச் சற்று முன்பே இடுப்புத் தளத் தசை தானாக இறுகிவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இந்த முந்திக்கொள்ளும் பழக்கம் போய்விடுகிறது. தசை விழிப்பதற்குள் அழுத்தம் வந்து இறங்கிவிடுகிறது. அதைத் திரும்பப் பழக்கலாம். இருமும் முன், தும்மும் முன், தூக்கும் முன் வேண்டுமென்றே இறுக்க வேண்டும். 1998-இல் மிச்சிகனில் சராசரியாக 68 வயதுள்ள 27 பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இருமலின்போது கசியும் அளவு பெருமளவு குறைந்துவிட்டது. தசை பருக்க ஒரு வாரம் போதாது. நேரம் பார்த்து இறுக்கியதிலேயே கிடைத்த பலன் அது.

இதைச் சருவத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதலில் சருவத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் ஒரு திட்டு மேலோ சுவர் மேலோ வைத்து நிரப்பினால் பாதி வேலை குறையும். தூக்குமுன் கீழே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடிக்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வாயால் ஊதியபடியே தூக்க வேண்டும். ஒரு பக்கம் ஒருத்தி பிடிப்பதற்குப் பதில் இரு பக்கமும் இருவர் தூக்கித் தலையில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மீன்பிடித் துறைமுகத்திலும் சந்தைகளிலும் இடுப்புயரத் திண்ணை கட்டிவிடுவது ஒரு பொதுப்பணித்துறைப் பொறியாளருக்கு எளிய வேலை. அது பெண்களின் உடல்நல வேலையும்கூட என்று யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும்.

அடி இறக்கத்துக்கு வருவோம். இதை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் கருப்பையோ சிறுநீர்ப்பையோ பிறப்புறுப்பின் வாயிலை ஒட்டிய இடம் வரை வந்திருக்கும். இந்தக் கட்டத்தில் பயிற்சி நன்றாகவே உதவுகிறது. பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மருத்துவமனைகளில் 447 பெண்களிடம் நடந்து 2014-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பதினாறு வாரத்தில் ஐந்து முறை மட்டும் இயன்முறை மருத்துவரைத் தனியாகச் சந்தித்துப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஓராண்டு கழிந்தும் கனமும் உருண்டை உணர்வும் குறைவாக இருந்தன. மேற்கொண்டு வேறு சிகிச்சை தேடிப் போனவர்களும் அவர்களில் குறைவு. மூன்றாம், நான்காம் நிலைகளில், உறுப்பு வெளியே வந்துவிட்ட பிறகு, பயிற்சி அதை உள்ளே கொண்டுபோய்விடாது. எலும்பிலிருந்து பிய்ந்த தசையையும் ஒட்டாது. அங்கே சிலிகான் வளையம் வைப்பது ஒரு வழி, அறுவைச் சிகிச்சை ஒரு வழி. ஆனால் கருப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரோடிப் போயிருக்கிறது. கருப்பையை எடுத்தாலும் தளர்ந்த தசை தளர்ந்தபடியேதான் இருக்கும். மேலேயிருக்கும் சிறுநீர்ப்பையும் குடலும் பிறகு இறங்கலாம்.

எல்லோருக்கும் இறுக்கும் பயிற்சி பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்கு இந்தத் தசை தளராமல் எப்போதும் இறுகியே கிடக்கும். உடலுறவில் வலி, சிறுநீர் தொடங்கத் தாமதம், மலம் கழிக்கச் சிரமம், காரணம் பிடிபடாத அடிவயிற்று வலி என்று வெளிப்படும். இவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. மூச்சை வயிறு வரை ஆழமாக இழுத்து, கீழே தானாக இளக விடுவதைக் கற்றுக்கொடுப்பார்கள். புத்தகத்தைப் பார்த்து மேலும் இறுக்கினால் வலி கூடும். ஆண்களுக்கும் இந்தத் தசை உண்டு. புராஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் கசிவுக்கு இதே பயிற்சிதான் கொடுக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பெண்களின் வாயிலிருந்தே கேட்டுப் பதிவுசெய்தவர்கள் உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் 1981-இல் தொடங்கப்பட்ட கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சேர்ந்த டி.கே. சுந்தரி ரவீந்திரனும் உடன் பணியாற்றியவர்களும், அடி இறங்கிய பெண்களிடம் பேசி அதை ஆய்வாக வெளியிட்டார்கள். கணவரிடம்கூடச் சொல்லாமல், வயல் வேலையும் வீட்டு வேலையும் செய்துகொண்டே ஆண்டுக்கணக்கில் இதோடு வாழ்ந்த பெண்கள் அதில் பேசினார்கள். நேபாளத்தில் இதே பிரச்சினை 2008-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அடி இறக்கத்தை இனப்பெருக்க உரிமை சார்ந்த விஷயமாகக் கண்டு, அரசு சிகிச்சையும் விழிப்புணர்வும் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. பிரான்சில் பிரசவித்த பெண்களுக்கு இடுப்புத் தளப் பயிற்சியை அரசு மருத்துவக் காப்பீடே கொடுக்கிறது.

நம் கடற்கரையில் கூச்சத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், நாற்றம் என்று சொல்லி மீன் விற்கும் மூதாட்டி ஒருவரைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், முதலமைச்சர் கண்டித்தார். மீன் வாடைக்கே இப்படியென்றால், சிறுநீர் வாடையும் வந்துவிடுமோ என்று பயப்படும் பெண் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்துவாள். அம்மாண்டிவிளைக்கும் வெள்ளிச்சந்தைக்கும் திங்கள்சந்தைக்கும் போய் விற்றுத் திரும்பும் வரை வழியில் நிம்மதியாகப் போக ஓர் இடம் இல்லாதவள் வேறென்ன செய்ய முடியும்? தண்ணீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், அடிக்கடி முட்டும், தொற்று வரும். மலம் இறுகும், முக்க வேண்டிவரும், அடி இன்னும் இறங்கும். எனவே சந்தையில் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

மற்றொரு பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதம், மூட்டு வலி என்றால் வருவார்கள் என்று மக்களுக்குத் தெரியும். அவர்களில் பெண்களுக்கு இடுப்புத் தளப் பரிசோதனையிலும் பயிற்சியிலும் தனிப்பயிற்சி கொடுத்து, வட்டாரத்துக்கு ஒருவராவது வாரத்தில் ஒரு நாள் இதற்கென்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால் போதும். முற்றிய நிலையில் இருப்பவர்களை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கு அனுப்பலாம். சிறுநீரில் ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, திடீரென்று சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அந்தரங்கப் பகுதி மரத்துப்போவது ஆகியவை இருந்தால் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதைத் தாயிடம் முதலில் கேட்பதற்கும் ஒரு நாள் இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றரை மாதத்தில் முதல் பென்டாவேலன்ட் ஊசி போடத் தாய் தூக்கிக்கொண்டு வருகிறாள். கிராம சுகாதார செவிலியர் குழந்தையின் எடையைப் பார்க்கிறார், அட்டையில் எழுதுகிறார், ஊசி போடுகிறார். தாயிடம் அப்போது இரண்டு கேள்வி கேட்கலாம்: “இருமும்போது, சிரிக்கும்போது சிறுநீர் சொட்டுதாம்மா? கீழே கனமா, எதுவும் தட்டுப்படுதா?” ஆமாம் என்றால் தாயின் அட்டையில் ஒரு குறியிட்டு, இயன்முறை மருத்துவர் வரும் கிழமையைச் சொல்லியனுப்ப வேண்டும். பத்தாவது வாரத்தில் அடுத்த ஊசிக்கு வரும்போது, பயிற்சி தொடங்கியாயிற்றா என்று கேட்க வேண்டும்.